ஜும்ஆவுக்கு முன் போட்ட கையெழுத்து

புதிதாக வந்திருக்கும் இணைப்பாளர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவனாக இருந்திருந்தால் நான் வாத்தியாராகியே இருக்க மாட்டேன். ஆகவே தம்பி தங்கச்சிமாரே, ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள். கடவுச்சொல் மறந்தவருக்கு எப்படிப் புதிதாக எடுத்துக் கொடுப்பது, மாணவர் எழுதி அனுப்பும் ஒப்படைகளை எந்தக் கோப்பில் போடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது நான் செய்த மடத்தனம். அதைக் கையேட்டில் போட நானே விடவில்லை.

நான் இரண்டு தரம் ஓய்வுபெற்றவன். முதலில் பாடசாலை அதிபராக ஓய்வுபெற்றேன். வீட்டில் சும்மா இருக்க விடாமல் மனைவி துரத்தியதால், கல்முனையில் இந்த இணையவழிக் கல்வி முதுமாணி, அதாவது எம்.எட். படிப்புக்கு இணைப்பாளராகப் போய்ச் சேர்ந்தேன். என்னிடம் ஒரு பட்டமும் ஒரு டிப்ளோமாவும்தான் இருந்தன. முதுமாணி இல்லாதவன் முதுமாணிப் படிப்பை நடத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் காரியாலயம். ஒன்லைனில் படிப்பதற்கு எதற்குக் காரியாலயம் என்று கேட்பீர்கள். காசு கட்ட ஒரு கதவு வேண்டும், கோபப்பட ஒரு முகம் வேண்டும். கதவை நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. முகத்துக்கு என்னை எடுத்திருந்தது.

எங்கள் பிரசுரத்தில் 'வீட்டிலிருந்தே முதுமாணி, குறைந்த செலவில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. கொழும்புக்கு ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறிப் போய்ப் படிப்பதைவிடக் குறைவுதான். ஆனால் பிரசுரத்தில் இருந்தது கட்டணம் மட்டும். லெப்டொப், டேட்டா, பாடம் நடக்கும் இரண்டு மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க ஒரு ஆள், 'கொம்பியூட்டருக்குள்ள என்ன பார்க்கிறாய்' என்று மாமி கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில், இவை எதுவும் அதில் இல்லை. இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மொத்தக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் நல்ல கழிவு. தவணையில் கட்டினால் கழிவு கிடையாது. அதாவது கையில் காசு உள்ளவருக்குப் படிப்பு மலிவு, இல்லாதவருக்கு விலை கூட. இதை யார் யோசித்தாரோ, அவருக்கு ஒரு முதுமாணி கொடுக்கலாம்.

அந்த வருடம் கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. மாணவர்களின் பன்மைத்துவம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். பன்மைத்துவத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? பட்டியலை எடுத்து ஊர் பார்த்து, உடை பார்த்து நாலு பேரைத் தெரிந்தேன். இறக்காமத்திலிருந்து ஜெஸ்மினா டீச்சர். அவவின் கணவர் வெள்ளாமை செய்பவர். கல்முனையிலிருந்து மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற கிறேஸ் டீச்சர். ஒலுவிலிலிருந்து ஒரு டீச்சர், அவவின் வாப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒரு போட் நின்றது. நாவிதன்வெளியிலிருந்து நெற்றியில் பொட்டோடு இன்னொரு டீச்சர். நாலு பேரையும் மேல்மாடிக்கு அழைத்து, வரிசையாக நிறுத்தி, நடுவில் நான் நின்றேன். நடுவில் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதுவரை இந்த நாலு பேரும் ஒருவரையொருவர் சூமில் ஒரு பெட்டிக்குள் பெயராகத்தான் பார்த்திருந்தார்கள். படம் எடுத்து முடிந்து படியிறங்கும்போது நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து நான் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். அப்போதும் படியில்தான் நின்றார்கள். பொம்பிளையள் கதைக்கத் தொடங்கினால் இப்படித்தான் என்று மனதுக்குள் சிரித்தபடி விலத்திப் போனேன்.

பல மாதம் போனது. இறுதி ஆய்வறிக்கை கொடுக்கும் காலம் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னர் ஜெஸ்மினா டீச்சர் ஒரு கடிதம் அனுப்பினா. இறக்காமத்தில் யானை வந்து நெல் மூட்டை வைத்திருந்த அறையின் சுவரைத் தள்ளிவிட்டது, அந்தச் சுவரோரம் மேசையில் இருந்த லெப்டொப் கல்லுக்குள் போய்விட்டது, கொஞ்சம் கால அவகாசம் தர முடியுமா என்று கேட்டிருந்தா. அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். 'யானை தொடர்பான ஆதாரத்தை இணைக்கவும்' என்று பதில் வந்தது. யானை கையெழுத்துப் போடாது என்று எழுத நினைத்து, வேலை போய்விடும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கடிதம் 'பரிசீலனையில்' என்ற பெட்டிக்குள் போய் அங்கேயே குடியிருந்தது.

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பதினொன்றரை என்றால் அது வேலை நேரமே இல்லை. ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைக்காரர்கள் கதவை இழுக்கிறார்கள், ஆட்கள் குளித்து உடுப்பு மாற்ற ஓடுகிறார்கள். கொழும்புக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. சரியாக அந்த நேரத்தில் ஒரு பட்டியலும் ஒரு கடிதமும் வந்தன. இந்த நாலு மாணவிகளும் மாதக்கணக்கில் ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒப்படை அனுப்பியிருக்கிறார்கள். நாலு பேரின் கட்டணமும் கிறேஸ் டீச்சரின் வங்கிக் கணக்கிலிருந்தே வந்திருக்கிறது. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு நாலு பேருக்கும் எழுதுவதாகச் சந்தேகம். விசாரணை முடியும்வரை கணக்குகளை முடக்க இணைப்பாளர் பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் தர வேண்டும். ஆய்வறிக்கை ஏற்றுவதற்கான கடைசி நேரம் அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி.

நான் ஏன் உடனே நம்பினேன் என்று கேளுங்கள். முந்தின வருடம் ஒருவர் உண்மையாகவே ஆள் வைத்து எழுதி, என் மூக்குக்குக் கீழேயே சித்தியடைந்து போயிருந்தார். அவருடைய விருந்துக்குப் போய் நான் புரியாணியும் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வெட்கம் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை விடமாட்டேன் என்று ஒரு வீராப்பு. ஒரு கால் படியில், ஒரு கையில் தொப்பி, மற்றக் கையால் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு ஓடினேன். கள்ளனைப் பிடித்துவிட்ட சந்தோசத்தில் வுழூ எடுக்கக் கைகால் கழுவும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அன்றைய குத்பாப் பிரசங்கம் பிறர்மேல் சந்தேகம் கொள்வதைப் பற்றி இருந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் டெங்கு நுளம்பைப் பற்றி இருந்தது. பாதிக்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெஸ்மினா டீச்சர் கோல் எடுத்தா.

"சேர், உள்ள போக ஏலாம இரிக்கி. நாலு பேருக்கும் அப்படித்தான்."

"ஓம். விசாரணை ஒண்டு நடக்குது."

"என்ன விசாரணை சேர்?"

"உங்களுக்குத் தெரியாமலா டீச்சர்?" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என் காது கூசுகிறது.

"சேர், இன்டைக்கு நாலு மணிக்குள்ள போடாட்டி மறுகா ஆறு மாசம் காத்திருக்கணும். இன்னொருக்காப் பதியணும், காசும் கட்டணும். எனக்கு அது ஏலாது சேர். நீங்க என்ன எண்டாலும் நினைங்க. ஒருக்கா வந்து பாத்துட்டு நினைங்க. கிறேஸ் டீச்சர்ட வீட்டதான் நாங்க நாலு பேரும் இரிக்கம்" என்றா.

விதிமுறை, நடைமுறை என்று எதையோ உளறிவிட்டு வைத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"இஞ்சருங்க, என்னவாம்?"

சொன்னேன்.

"வந்து பாக்கச் செல்றாவே, போய்ப் பாருங்களேன். கால் நல்லாத்தானே இரிக்கி."

உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதற்கு மேலான ஒன்று இல்லை. ஆனால் மனைவியின் பேச்சை உடனே கேட்டால் மரியாதை என்னாவது என்று ஒரு மணித்தியாலம் பேப்பர் படித்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நினைவில் வைத்திருங்கள்.

கிறேஸ் டீச்சரின் வீடு சின்ன வீடு. ஹோலில் பாய் விரித்திருந்தது. பாயில் இரண்டு லெப்டொப், கத்தை கத்தையாகக் கடதாசி, ஒரு மூலையில் ஒலுவில் டீச்சரின் சின்ன மகள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உள் அறையில் தொழுவதற்கு ஒரு வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. சமையலறையில் ஒரு புதுச் சட்டி கொதித்தது. அதன் பெயர் சனிக்கிழமைச் சட்டி என்று கிறேஸ் டீச்சர் சொன்னா. முஸ்லிம் டீச்சர்மார் இருவரும் மனச்சங்கடம் இல்லாமல் சாப்பிடட்டும் என்று தனியாக வாங்கி வைத்திருக்கிறா. அதில் சமைப்பது ஜெஸ்மினா டீச்சரும் ஒலுவில் டீச்சரும். சாப்பிடுவது நாலு பேரும்.

சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. யாருக்கு எந்த லெப்டொப், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, யார் பிள்ளையைப் பார்ப்பது, யார் சமைப்பது. கொழும்பு பிடித்த மோசடி அவ்வளவும் அந்த ஒரு கடதாசியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் பன்மைத்துவப் படம். நாலு பேரும் அழகாக நின்றார்கள். நடுவில் நின்ற எனக்கு மட்டும் பேனையால் கொம்பு வரைந்திருந்தது. கிறேஸ் டீச்சர் ஓடிப்போய் அதைக் கையால் மறைத்தா.

"அது பிள்ளையள் கீறினது சேர்."

"நல்லாக் கீறியிருக்குதுகள்," என்றேன்.

காசுக் கதையும் வெளியே வந்தது. அன்று படியில் நின்று கதைத்தது சீட்டுப் பிடிக்கும் விசயம். நாலு பேரும் மாதம் மாதம் ஒரு தொகை போடுவது. சேர்ந்த காசை ஒவ்வொரு முறையும் ஒருவருக்குக் கொடுத்து, அவவின் கட்டணம் முழுவதையும் ஒரே தடவையில் கட்டிக் கழிவை எடுப்பது. சீட்டைப் பிடித்தவர் கிறேஸ் டீச்சர், அதனால் எல்லாம் அவவின் கணக்கிலிருந்து போயிருக்கிறது. எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்காத தெரு இல்லை. என் மனைவியே இரண்டு சீட்டில் இருந்தா. அதைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடிதத் தலைப்பில் வந்ததால் அது மோசடியாகத் தெரிந்தது.

என்றாலும் நான் வாத்தியார் அல்லவா? கடதாசியைப் பார்க்காமல் அவரவர் ஆய்வைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். சொன்னார்கள். நாலும் நாலு விதம். ஜெஸ்மினா டீச்சரின் ஆய்வு, நெல் முற்றும் காலத்தில் பிள்ளைகளின் வரவு ஏன் குறைகிறது என்பது. யானை காட்டுக்குள் போனது நிச்சயமாகத் தெரியும்வரை பெற்றோர் பிள்ளைகளைப் பாதையில் விடுவதில்லை. பிள்ளை வந்து சேரும்போது வரவுப் பதிவேட்டை மூடியிருப்பார்கள்.

"நானும் எத்தனையோ வருசம் வரல்ல எண்டு கோடு போட்டுட்டு இரிந்தவதான் சேர். சோம்பேறிப் புள்ளையள் எண்டு ஏசியும் இரிக்கன். மறுகா ஒரு நாள் அதுகள்ற வீட்டுக்கு நடந்து போய்ப் பாத்தன்."

என்னைக் குத்த அவ அதைச் சொல்லவில்லை. ஆய்வைத்தான் சொன்னா. எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

நேரம் ஒன்றேகால். கொழும்புக்குக் கோல் எடுத்தேன். சனிக்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவையில் ஒரு இளம் உத்தியோகத்தர் எடுத்தார்.

"என் சம்மதத்தைத் திருப்பி எடுக்கிறேன். நாலு கணக்கையும் திறந்துவிடுங்கள்," என்றேன்.

"காரணம் சேர்?"

"நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இப்போது பார்த்துவிட்டேன்."

"அப்படி ஒரு காரணம் சிஸ்டத்தில் இல்லையே சேர்."

"எழுத்தில் தருகிறேன்."

கிறேஸ் டீச்சரின் லெப்டொப்பை வாங்கி, என் கணக்கில் நுழைந்து, நடந்ததை எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பந்தி எழுதும்போது திரை வெள்ளையாகி, என்னை வெளியே தள்ளிவிட்டது. சந்தேகத்துக்குரிய இணைப்பிலிருந்து நுழைந்ததால் என் கணக்கும் முடக்கப்பட்டதாம். நான் ஐந்தாவது சந்தேக நபர்.

முதலில் சிரித்தது நாவிதன்வெளி டீச்சர். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடியும்போது ஜெஸ்மினா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. அது சிரித்து வந்த கண்ணீர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் அவவின் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு என் போனில் ஒரு விரலால் கடிதம் முழுவதையும் குத்தினேன். 'இது என் பிழை, மாணவிகளின் பிழை இல்லை' என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டேன். அனுப்பும்போது டேட்டா முடிந்தது. ஒலுவில் டீச்சர் சந்திக் கடைக்கு ஓடி ரீலோட் பண்ணிவிட்டுத் திரும்பி ஓடிவந்தா. கடிதம் போனது. அந்த உத்தியோகத்தரும் நல்ல பிள்ளை, எங்கேயோ கல்யாண வீட்டில் நின்ற தொழில்நுட்பக்காரரைத் தேடிப் பிடித்தார். மூன்றரைக்கு கிறேஸ் டீச்சரின் கணக்கு திறந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் ஒலுவில், நாவிதன்வெளி டீச்சர்மாருடையவையும் திறந்தன. மூவரும் ஏற்றிவிட்டார்கள்.

ஜெஸ்மினா டீச்சரின் கணக்கு திறக்கவில்லை. அவவின் யானைக் கடிதம் இன்னமும் பரிசீலனையில் இருந்ததால், அதை முதலில் மூட வேண்டுமாம். தொழில்நுட்பக்காரர் அந்தப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து மூடி, கணக்கைத் திறந்தபோது நாலு மணி பத்து நிமிடம். ஏற்றும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது.

பத்து நிமிடம். நான் மரியாதைக்காகப் பேப்பர் படித்தது ஒரு மணித்தியாலம்.

ஜெஸ்மினா டீச்சர் லெப்டொப்பை மூடிவிட்டு எழுந்து போய்ச் சட்டியைக் கழுவினா. தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேரும் ஹோலில் இருந்தோம். பாடசாலையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், பெற்றோர் என் மேசையில் ஓங்கி அடித்ததும் உண்டு. அந்தச் சட்டி கழுவும் சத்தம் மாதிரி ஒன்றும் என்னைச் சுடவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது.

மேல்முறையீடு எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். 'நேர எல்லை அனைவருக்கும் சமம்' என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. கடைசியில் மீள்பதிவுக் காசை நானே கொண்டுபோய் ஜெஸ்மினா டீச்சரிடம் நீட்டினேன். அவ அதைத் தொடவில்லை.

"இது என்ன சேர், ஏழைக்குக் குடுக்கிற சதக்காவா?"

"இல்ல டீச்சர். என்ட பிழைக்கு."

"பிழைக்கு எண்டா அல்லாஹ்ட்ட துவாக் கேளுங்க. காசி வேணாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா, "ஒண்டு செய்ங்க. புதுச் சீட்டு ஒண்டு தொடங்கப் போறம். நீங்களும் ஒரு கை சேருங்க. முதல் சீட்டு எனக்கு. கடைசிச் சீட்டு உங்களுக்கு. நீங்களும் காத்திருந்து பாருங்க."

சேர்ந்தேன். முன்னாள் அதிபர், இந்நாள் இணைப்பாளர், மாதம் மாதம் கிறேஸ் டீச்சரின் வீட்டு வாசலில் என்வலப்போடு நின்றேன். ஒரு மாதம் இரண்டு நாள் பிந்திவிட்டேன், நாவிதன்வெளி டீச்சர் வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தெரிய என்னை வறுத்து எடுத்தா. ஜெஸ்மினா டீச்சர் முதல் சீட்டை எடுத்து மீளப் பதிந்தா. ஆறு மாதம் பிந்தி அவவுக்கு முதுமாணி கிடைத்தது. பட்டமளிப்புக்கு மற்ற மூவரும் தங்களுடையதைப் பிற்போட்டுக்கொண்டு அவவோடு சேர்ந்தே போனார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. படம் வந்தது. நாலு பேரும் கறுப்பு அங்கியில் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் யாரும் இல்லை.

என் சீட்டு விழுந்தது நான் இரண்டாம் தரம் ஓய்வுபெற்ற மாதம். நாலு பேரும் வீட்டுக்கே வந்தார்கள். கிறேஸ் டீச்சர் என்வலப்பைத் தந்தா. ஜெஸ்மினா டீச்சர் ஒரு கடதாசியை மேசையில் வைத்தா. எங்கள் படிப்புக்கான விண்ணப்பப் படிவம். என் பெயர், முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது.

"சேருக்கு முதுமாணி இல்லையாமே," என்றா.

யார் சொன்னது என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். மனைவி அவசரமாக எதையோ கிண்டிக்கொண்டிருந்தா.

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு டீச்சர்?"

"முழுக்காசும் கையில இரிக்கி, கழிவும் கிடைக்கும்," என்றா அவ. "கையெழுத்த மட்டும் போடுங்க. வடிவா வாசிச்சிட்டுப் போடுங்க."

வாசித்தேன், எல்லாப் பக்கமும். பிறகு போட்டேன்.

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, கொஞ்ச நாளில் உங்கள் மேசைக்கு ஒரு பட்டியல் வரும். கல்முனையில் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து சனிக்கிழமைதோறும் புது மாணவர்கள் பல பேர் நுழைகிறார்கள், எல்லோருடைய காசும் ஒரே கணக்கிலிருந்து வருகிறது, அதில் ஒருவர் வயது போன கிழவன், அவருக்கு யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அதில் இருக்கும். அநேகமாக அது வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் வரும். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். முடக்குவதற்கு முன் ஒருக்கா வந்து பாருங்கள். வரும்போது கறிக்கு ஏதாவது வாங்கி வாருங்கள், சட்டி கிறேஸ் டீச்சர் வீட்டில் இருக்கிறது.